பெருந்தீனி மீட்புக் குழுக்களும் வட்டாரச் சேவை வாரியங்களும்

தன்னைத் தடுத்துக்கொள்ள முடியாமல் உண்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் அனுபவத்தைச் சொல்லி, ஒருவர் துணையால் மற்றவர் மீள முயலும் குழுக்கள் 1960இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தோன்றின. அவ்வியக்கத்தின் பெயர் ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஓ.ஏ. 'அனானிமஸ்' என்ற சொல் பெயர் வெளியிடாமையைக் குறிக்கும். இக்குழுக்களில் மருத்துவர் இல்லை, கட்டணம் இல்லை, சேர்க்கைப் படிவம் இல்லை. ஓர் அறை, சில நாற்காலிகள், பேச ஒரு முறை, அவ்வளவுதான்.

இவ்வளவு மெல்லிய ஓர் ஏற்பாடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்கு, குழுக்களுக்கு அடுத்து இருக்கும் ஓர் அமைப்பு முக்கியக் காரணம். ஒரு வட்டாரத்தில் இரண்டோ பலவோ குழுக்கள் சேர்ந்து, பொதுவான வேலைகளைப் பார்க்க அதை அமைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் 'இன்டர்குரூப்' என்றும் 'சர்வீஸ் போர்டு' என்றும் வழங்கும் இதை இங்கே வட்டாரச் சேவை வாரியம் என்று குறிப்பிடுகிறோம். வாரியம் என்றதும் தலைவர், செயலாளர், ஆணை, சுற்றறிக்கை என்று மனத்தில் தோன்றும். இந்த வாரியத்துக்கு ஆணையிடும் உரிமை கிடையாது. அந்த உரிமையை ஏன் கொடுக்காமல் விட்டார்கள் என்பதே இதன் வரலாற்றின் பெரும்பகுதி.

நோயும் அதன் பெயரும்

அடங்காத பசியை நோயாகக் காணும் பார்வை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்காகச் சாபம் பெற்று, பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப் பசியோடு அலைகிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத அப்பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அளித்த உணவால் தீர்கிறது. காப்பியம் அவளைப் பேராசைக்காரி என்று ஏசவில்லை, நோயுற்றவளாகவே காட்டுகிறது. அன்றாட வாழ்வில் நாம் அந்தக் கருணையைக் காட்டுவதில்லை. தீனிப்பண்டாரம், சாப்பாட்டு ராமன் என்று கேலிப்பெயர்கள் தாராளமாக இருக்கின்றன.

நவீன மருத்துவம் இதற்குத் தனிப்பெயர் தர நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. குறுகிய நேரத்தில் பெருமளவு உண்டு, பிறகு குற்றவுணர்வில் மூழ்கும் இயல்பை அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் 1959இல் விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டில் இது தனியொரு நோயாக இடம்பெற்றது 2013இல்தான். இடைப்பட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகளில், இந்த நோய் உள்ளவர்களில் பலர் தங்களை ஒத்தவர்களைத் தேடிக்கொண்டது ஓ.ஏ. குழுக்களில்.

தொலைபேசியை யார் எடுப்பது?

வாரியத்தின் கதை ஓ.ஏ.வுக்கு முன்பே, குடிநோயாளர்களிடையே தொடங்குகிறது. 1935இல் ஓஹியோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) உருவானது. முதல் நான்கு ஆண்டுகள் அது மிகச் சிறிய வட்டம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அப்போது நிர்வாகம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

1939இன் இறுதியில் நிலைமை மாறியது. அருகிலுள்ள கிளீவ்லாந்து நகரின் 'பிளெய்ன் டீலர்' நாளிதழ் ஏ.ஏ. பற்றித் தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. உதவி கேட்டு நூற்றுக்கணக்கான அழைப்புகளும் கடிதங்களும் வந்தன. கிளீவ்லாந்தில் அப்போது இருந்த உறுப்பினர்கள் மிகச் சிலர். குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்கள்கூட, புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்டார்கள். எந்த அழைப்புக்கு யார் போவது, எந்த மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும், செலவை யார் பார்ப்பது, எந்தத் தெருவில் எந்தக் கிழமை கூட்டம் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தக் குழுக்கள் சேர்ந்து ஒரு மையக் குழுவை அமைத்தன. பொறுப்பில் இருப்பவர்களைக் குறித்த காலத்தில் மாற்றும் வழக்கமும் அங்கே வேர்விட்டது. 1941இல் சிகாகோவில் தனி அலுவலகமும் தொலைபேசியும் வந்தன.

ஆகவே வட்டாரச் சேவை வாரியம் ஒரு கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் வேண்டியிருந்தது. இன்றும் ஒரு வாரியம் நன்றாக நடக்கிறதா என்று அறிய இதைவிடச் சிறந்த சோதனை இல்லை: இரவு ஒன்பது மணிக்குப் புதிதாக ஒருவர் அழைத்தால் மறுமுனையில் மனிதக் குரல் கேட்கிறதா?

பணத்தைக் கண்டு அஞ்சியவர்கள்

தொடக்கத்தில் வில்சனுக்குப் பெரிய கனவுகள் இருந்தன. மருத்துவமனைகள் கட்டவேண்டும், சம்பளத்துக்குத் தொண்டர்களை அனுப்பவேண்டும் என்று எண்ணினார். அதற்காகவே செல்வந்தர் ஜான் டி. ராக்பெல்லரை நண்பர்கள் வழியே அணுகினார். ராக்பெல்லர் 1938இல் தந்தது 5,000 டாலர் மட்டுமே. அதிகப் பணம் இந்த இயக்கத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் கருத்து. 1940 பிப்ரவரியில் அவர் பெயரில் ஒரு விருந்து நடந்தது. நியூயார்க்கின் பெரும் பணக்காரர்கள் வந்திருந்தார்கள். தந்தைக்குப் பதிலாக வந்திருந்த நெல்சன் ராக்பெல்லர், இது ஒருவர் மற்றவருக்குப் பணமின்றிச் செய்யும் உதவியால் வாழ்வது என்று சொல்லி முடித்துவிட்டார். பணக்காரர்கள் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று ஏமாற்றமாக இருந்தது பின்னாளில் கோட்பாடாயிற்று.

1946இல் ஏ.ஏ. தன் பன்னிரண்டு மரபுகளை வெளியிட்டது. 1950இல் கிளீவ்லாந்தில் நடந்த மாநாடு அவற்றை ஏற்றது. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு நேரடியாக உரியவை. ஏழாம் மரபின்படி குழுக்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும், வெளியாரிடம் நன்கொடை பெறக்கூடாது. ஒன்பதாம் மரபின்படி இயக்கம் மேலிருந்து கட்டியாளப்படக்கூடாது; ஆனால் சேவை வாரியங்களையும் குழுக்களையும் அமைக்கலாம், அவை யாருக்குச் சேவை செய்கின்றனவோ அவர்களுக்கே நேரடியாகப் பதில் சொல்லவேண்டும். 1948இல் இறந்துபோன ஒரு பெண்மணி எழுதிவைத்த 10,000 டாலரை ஏ.ஏ. அறங்காவலர்கள் வாங்க மறுத்தார்கள். அப்போது கையிருப்பும் பெரிதாக இல்லை. பணத்தேவை இருந்தும் மறுத்ததால்தான் அந்த நிகழ்வு மரபாக நின்றது.

லாஸ் ஏஞ்சலஸில் மூன்று பெண்கள்

ஓ.ஏ.வை நிறுவியவர் ரோசன் எஸ். என்றே அறியப்படுகிறார், குடும்பப் பெயரின் முதலெழுத்து மட்டும் சொல்வது இவ்வியக்கங்களின் வழக்கம். இளம் இல்லத்தரசியான அவர் 1958இல் சூதாட்ட அடிமைகளுக்கான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றுக்குத் தெரிந்தவர் ஒருவருக்குத் துணையாகப் போனார். அங்கே சூதாடிகள் சொன்ன கதைகளில் 'சூது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சோறு' என்று வைத்தால் அது தன் கதை என்று உணர்ந்தார். மறைத்து வைத்தல், பொய் சொல்லுதல், நாளையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்ற சத்தியம் எல்லாம் ஒன்றுதான். 1960 ஜனவரி 19 அன்று அவரும் வேறு இரு பெண்களும் முதல் கூட்டத்தைக் கூட்டினார்கள்.

அதே ஆண்டு பால் கோட்ஸ் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தப் புதிய குழு பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. கிளீவ்லாந்தில் நாளிதழ் செய்ததை இங்கே தொலைக்காட்சி செய்தது. வீட்டு வேலைக்கும் குழந்தைகளுக்கும் இடையே உட்கார்ந்து ரோசன் பதில் எழுதினார். கடிதம் எழுதியவர்கள் தத்தம் ஊரில் குழு தொடங்கினார்கள். 1962இல் முதல் தேசிய மாநாடு கூடியது. காலப்போக்கில் குழு, வட்டாரச் சேவை வாரியம், மண்டலம், உலக மாநாடு என்ற அடுக்குகள் அமைந்தன. உலக அலுவலகம் இன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் ரியோ ராஞ்சோவில் இருக்கிறது. காகிதத்தில் வரையும்போது குழுக்களை உச்சியிலும் உலக அலுவலகத்தை அடியிலும் வைப்பது இவர்கள் வழக்கம். விளம்பரத்துக்காகச் செய்த தலைகீழ் வரைபடம் போலத் தோன்றினாலும், பணம் எப்படி வருகிறது என்று பார்த்தால் அதில் உண்மை இருப்பது தெரியும். பணம் எப்போதும் குழுவிலிருந்துதான் புறப்படுகிறது.

சாம்பல் நிறத் தாள்

குடிநோயாளிக்கு விதி தெளிவானது: குடிக்காதே. உணவை அப்படி விடமுடியாது. நாளைக்கு மூன்று முறை அதே எதிரியோடு உட்கார்ந்து எழுந்திருக்கவேண்டும். எனவே ஓ.ஏ. உறுப்பினர் கேட்கும் முதல் கேள்வி, 'நான் எதைச் சாப்பிடலாம்?' என்பது. இதற்கு விடை சொல்லும் ஆசை, ஓ.ஏ.வின் சேவை அமைப்புகளைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது.

தொடக்ககாலத்திலேயே ஓர் உணவுத்திட்டம் அச்சாகிப் பரவியது. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கடுமையாகக் குறைத்து, எடைபோட்டு அளந்து உண்ணச் சொன்ன அத்தாள் சாம்பல் நிறத்தில் இருந்ததால் 'கிரே ஷீட்' என்றே பெயர்பெற்றது. அதைப் பின்பற்றியவர்களில் பலருக்கு நோய் கட்டுப்பட்டது. அவர்கள் அதை வேதமாகக் கொண்டார்கள். பின்பற்ற முடியாதவர்கள் இரண்டாம்தர உறுப்பினர்களாக உணர்ந்தார்கள். சில குழுக்களில் அத்திட்டத்தைக் கடைப்பிடிப்பவர்கள் மட்டுமே பேசலாம் என்றாயிற்று. வேறு நிறத்தாள்களில் வேறு திட்டங்களும் வந்தன. வாரியம் எந்தத் தாளை விற்பது, எந்தக் குழுவைக் கூட்டப்பட்டியலில் சேர்ப்பது என்பது உண்மையான சண்டையாக மாறியது. இறுதியில் 1980களின் பிற்பகுதியில் ஓ.ஏ. எந்த உணவுத்திட்டத்தையும் தனதாக வெளியிடுவதில்லை என்ற நிலைக்கு வந்தது. உணவுத்திட்டத்தை உறுப்பினர் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டு முடிவுசெய்யட்டும், குழு அவருக்குத் துணைநிற்கட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். இதை ஏற்காத ஒரு பகுதியினர் விலகி, கிரேஷீட்டர்ஸ் அனானிமஸ் என்ற தனி இயக்கமாயினர்.

இந்த முடிவு சரியா என்பதில் இன்றும் கருத்துவேறுபாடு உண்டு. தெளிவான விதி இல்லாததால் புதியவர் தடுமாறுகிறார் என்பது விமரிசனம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வாரியம் மற்றவர் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், அது சேவை வாரியமாக நீடிக்காது. இட்லியும் சோறும் உண்ணும் ஒருவருக்கு லாஸ் ஏஞ்சலஸில் அச்சடித்த தாள் எப்படிப் பொருந்தும் என்ற எளிய கேள்வியும் இருக்கிறது.

வாரியம் செய்வது என்ன?

ஒவ்வொரு குழுவும் ஒரு பிரதிநிதியை அனுப்புகிறது. பிரதிநிதிகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். கூட்டங்களின் இடம், நாள், நேரம் கொண்ட பட்டியலைத் திருத்தி வைக்கிறார்கள். கேட்கச் சிறிய வேலை. ஆனால் மூடிப்போன குழுவின் முகவரி பட்டியலில் நீங்காமல் இருந்தால், மிகுந்த தயக்கத்துக்குப்பின் புறப்பட்டு வந்த ஒருவர் பூட்டிய கதவின்முன் நிற்பார். அவர் இரண்டாம் முறை வரமாட்டார். நூல்களை மொத்தமாக வாங்கிக் குழுக்களுக்குத் தருவதும், மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இப்படியொரு குழு இருப்பதைத் தெரிவிப்பதும், பயிலரங்கு நடத்துவதும், உலக மாநாட்டுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்து அனுப்புவதும் வாரியத்தின் வேலைகள்.

என் பார்வையில் மிக முக்கியமான வேலை வேறு. மீண்டும் சரிந்தவர்களைத் தேடிப் போவது. இந்த நோயில் சரிவு வெளியே தெரியும், உடல் காட்டிக்கொடுத்துவிடும். வெட்கத்தால் உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். ஆறேழு பேர் கொண்ட குழுவில் இருவர் இப்படி நின்றால் குழுவே தளர்ந்துவிடும். ஆகவே பல வாரியங்கள் சரிந்த உறுப்பினர்களோடு பேசுவதற்கென்றே தனிக்குழு வைத்திருக்கின்றன. ஓ.ஏ. இயக்கம் டிசம்பர் 12ஆம் நாளை, ஏற்கெனவே உள்ளே இருந்து தவிப்பவர்களுக்குக் கைகொடுக்கும் நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறது. பன்னிரண்டாம் மாதம், பன்னிரண்டாம் நாள், பன்னிரண்டாம் படி என்ற கணக்கு.

பணம் எளிய வழியில் வருகிறது. கூட்டத்தில் பை சுற்றிவரும். விருப்பமுள்ளவர் போடுவார். அறை வாடகை, நூல் செலவு போக மீதியில் ஒரு பங்கு வட்டார வாரியத்துக்கும், மற்றவை மண்டலத்துக்கும் உலக அலுவலகத்துக்கும் போகும். பணம் அனுப்பாத குழுவை வாரியம் தண்டிக்க முடியாது. வாரியம் சரியில்லை என்று கருதும் குழு பணத்தை நிறுத்தலாம். கடிவாளம் யார் கையில் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. பொறுப்பேற்க ஆள் வராமல், அதே மூன்று நான்கு பேர் பதவிகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு களைத்துப்போவது இத்தகைய வாரியங்களின் தீராத தொல்லை.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் ஏ.ஏ. 1957இல் மும்பையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் குடிநோயை நோயாகப் பார்க்கும் எண்ணம் பரவியதில் சாந்தி ரங்கநாதனுக்குப் பெரும்பங்கு உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த அவர் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அதன் மருத்துவமனை இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. அவ்வமைப்பு திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் 1989 முதல் கிராமச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. ஊரே நோயாளிக்குத் துணைநிற்கும்போது சிகிச்சை நிலைக்கிறது என்பதை அந்த முகாம்கள் காட்டின. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் தொடர்ந்து போவதற்கு ஏ.ஏ. குழு தேவைப்பட்டது. அக்குழுக்களை இணைக்கும் அமைப்பைத் தமிழ்நாட்டு உறுப்பினர்களும் 'இன்டர்குரூப்' என்றே சொல்கிறார்கள்.

பெருந்தீனி நோய்க்கு இங்கே இத்தகைய பாதை அமையாததற்குக் காரணம் தேவை குறைவு என்பதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவாளர் எல்லோரும் பெருந்தீனி நோயாளர் அல்லர். ஆனால் கட்டுப்படுத்த முடியாமல் உண்ணும் நீரிழிவாளருக்கு 'வாயைக் கட்டுங்கள்' என்ற அறிவுரைக்குமேல் எதுவும் கிடைப்பதில்லை. குடிப்பவரைக் கண்டிக்கும் அதே வீடு, உண்பவருக்கு இன்னொரு கரண்டி வைக்கும். 2020இன் பெருந்தொற்றுக்குப்பின் இணையவழிக் கூட்டங்கள் பெருகின. இணையக் குழுக்களுக்கென்றே தனிச் சேவை வாரியங்களும் இயங்குகின்றன. கைபேசி உள்ளவர் எந்த ஊரிலிருந்தும் சேரலாம். மொழிதான் தடையாக நிற்கிறது.

மகமை அறிந்த ஊரில்

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள ஏழாயிரம்பண்ணை, பாளையக்காரர் வரலாற்றில் பெயர்பெற்ற ஊர். இன்று அதைச் சுற்றித் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் நடக்கின்றன. சாத்தூர்க் காராச்சேவும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், விருதுநகரின் பொரித்த பரோட்டாவும் கைக்கெட்டும் தொலைவு. இப்படியோர் ஊரில் ஐந்து பேர் சேர்ந்து குழு தொடங்கினால், சேவை வாரியம் என்ற எண்ணம் அவர்களுக்கு அந்நியமாக இராது.

காரணம் மகமை. இவ்வட்டாரத்து நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கின்மீது சிறு தொகையை விதித்துக்கொண்டு, உறவின்முறை என்ற ஊர் அமைப்பின்வழி பொதுநிதி சேர்த்தார்கள். அந்த நிதியில் பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் அவ்வாறு வளர்ந்ததே. பெண்கள் உலை வைக்கும்போது ஒருபிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அரசையோ ஜமீனையோ எதிர்பாராமல், பயன்பெறுபவர்களே சிறுகச் சிறுகத் தந்து நடத்தும் இந்த முறையும் ஏழாம் மரபும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

ஒற்றுமை அதோடு நிற்கிறது. உறவின்முறை கட்டளையிடும், அபராதம் விதிக்கும், கட்டுப்பாட்டை மீறியவரை விலக்கும். அது பிறப்பால் அமைவது. யாருடைய மகன், எந்தக் கடை என்று தெரிந்திருப்பதே அதன் வலிமை. மீட்புக் குழு இதற்கு நேர்மாறான தரையில் நிற்கிறது. நிறுத்த விரும்புகிறேன் என்ற ஒன்றைத்தவிர அங்கே தகுதி கேட்கப்படுவதில்லை. வந்தவர் பெயர் வெளியே போகக்கூடாது. ஒரே பேருந்தில் வேலைக்குப் போய், ஒரே கடையில் டீ குடிக்கும் ஊரில் இது எளிதன்று. கூட்டம் நடக்கும் பள்ளியறைக்குள் யார் நுழைகிறார் என்பது மறுநாள் காலை தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் வட்டார வாரியம் உதவும். தன் ஊர்க் குழுவுக்குப் போகக் கூசுபவருக்குச் சாத்தூரிலோ சிவகாசியிலோ நடக்கும் கூட்டத்தின் கிழமையைப் பட்டியல் சொல்லும். தொலைபேசியில் பேசுபவர் வேறு ஊர்க்காரராக இருக்கும்படி முறைவைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பிரமுகர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கட்டடம் தர முன்வந்தால், ஏழாம் மரபைச் சொல்லிப் பணிவாக மறுத்து, வாடகை கொடுத்து அறை எடுக்கச் சொல்லவும் ஒரு குரல் வேண்டும். ஐந்து பேர் குழுவுக்கு அந்தத் துணிவு தனியே வராது. பல ஊர்க் குழுக்கள் சேர்ந்த வாரியத்துக்கு வரும்.